'வண்டு' விழுந்த கதை



சென்ற மாதம் சல்லிக் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு கலியாண வீடு. நமது சேமிப்புக் குழுவில் இருக்கும் ஓர் அக்காவின் மகன் அங்கே ட்ரோன் கமராவால் படம் எடுத்துக்கொண்டு நின்றான். மேலே போன ட்ரோன் கடற்காற்றில் ஒருமுறை ஆடியது. அடுத்த கணம் பற்றறி வேறாகவும் ட்ரோன் வேறாகவும் விழுந்தன. சமையல் கொட்டிலில் பெண்கள் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி விழுந்தபடியால் ஒருவருக்கும் காயமில்லை.

அந்த அக்கா 2009 வரை வன்னியில் இருந்தவர். ஆளில்லா வேவு விமானத்தை அங்கே 'வண்டு' என்றுதான் சொல்வார்கள். "அந்தச் சத்தம் கேட்டாலே பிள்ளையளைப் பங்கருக்குள்ள தள்ளின நான், மிஸ். இப்ப கடன்பட்டு அதையே மகனுக்கு வாங்கிக் குடுத்திருக்கிறன்" என்று முன்பு சிரித்தவர், அன்று சிரிக்கவில்லை. வாங்கியது பாவித்த ட்ரோன். இன்னும் ஏழு மாதத் தவணை பாக்கி. கடனுக்குச் சிபாரிசு செய்தவள் நான். பதிவு, அனுமதி எல்லாம் விசாரித்தேன். பற்றறியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பறக்கும்போது பற்றறி கழன்றால் எல்லா மோட்டர்களும் ஒன்றாக நின்றுவிடும். தானாகத் திரும்பிவரும் வசதியும் வேலை செய்யாது. 30 மீற்றர் உயரத்தில் இருந்து நிலத்துக்கு வர ஏறத்தாழ இரண்டரை விநாடிதான். கீழே நிற்பவர் அண்ணாந்து பார்க்கவே நேரமிராது.

பெரிய கம்பனிகளுக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கோப்ரோ நிறுவனம் 2016 ஒக்ரோபரில் 'கர்மா' என்ற ட்ரோனை விற்பனைக்கு விட்டது. பறக்கும்போது மின் அற்றுப்போவதாக முறைப்பாடுகள் வர, நவம்பரில் ஏறத்தாழ 2,500 ட்ரோன்களைத் திருப்பி எடுத்தது. பற்றறியைப் பிடிக்கும் கொளுவியில்தான் பிழை. அதைத் திருத்தி 2017 பெப்ரவரியில் மறுபடி விற்றார்கள்.

மகனுடைய பற்றறியை வாங்கிப் பார்த்தேன். வயிறு ஊதி, மேசையில் வைத்தால் ஆடியது. ஊதிய பற்றறி முழுதாக உள்ளே இறங்காது, ஒரு பக்கக் கொளுவிதான் பிடிக்கும். ஆனால் மின்முனைகள் தொட்டுக்கொள்வதால் விளக்கு எரியும், விசிறி சுற்றும், மேலேயும் எழும்பும். பெடியன் ஏமாந்தது இதிலேதான்.

அக்காவிடம் தையல் மெசின் இருக்கிறது. வெல்குரோ பட்டி தைத்துக் கட்டிவிடலாமா என்று கேட்டார். தாங்களே பொருத்திச் செய்யும் ட்ரோன்களுக்கு அப்படித்தான் கட்டுவார்கள், பற்றறி வழுக்காமல் அடியில் றப்பர் துண்டும் வைப்பார்கள். இவனுடையதில் பட்டி காற்றுத் துவாரத்தையோ அடியில் உள்ள உணரியையோ மூடிவிடக்கூடும். அதோடு, ஊதிய பற்றறியைப் பட்டியால் நல்லதாக்க முடியாது. அதைக் குத்தவோ அமத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். வீட்டுக்கு வெளியே மண் வாளிக்குள் வைக்கச் சொன்னேன்.

புதுப் பற்றறிக்கும் திருத்தக் கூலிக்கும் அக்காவின் சீட்டுக் காசு போய்விட்டது. இப்போது மகன் மின்முனைகளில் உப்பும் மணலும் இல்லாமல் காய்ந்த துணியால் துடைக்கிறான். இரண்டு கொளுவியும் 'டிக்' என்று விழும்வரை அழுத்தி, பிறகு இழுத்துப் பார்க்கிறான். ஆட்கள் இல்லாத இடத்தில் தலையளவு உயரத்தில் ஒரு நிமிடம் நிற்பாட்டிவிட்டுத்தான் மேலே விடுகிறான்.

போன ஞாயிறு நிலாவெளியில் அவனுக்கு ஒரு வேலை. அக்கா என் முன்னாலேயே போன் எடுத்தார். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

"தம்பி, ரெண்டு பக்கமும் சத்தம் கேட்டதோ?"