எழுத்துக்கும் எல்லைக்கல் நடுவதோ?

1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகத்தீசுவரமும் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அமரவிளையிலும் பாறசாலையிலும் வாழும் தமிழர்க்கு வீட்டுமொழி ஒன்று, அலுவல்மொழி வேறொன்று ஆயிற்று. அதனைக் குறித்து நாம் பேசாத மேடையில்லை. ஆயின் நம் கையாலேயே நம் எழுத்துக்கு நாம் நட்டுவரும் எல்லைக்கல்லைப் பற்றி வாய் திறப்பார் அரியர். ஈண்டு அதனை வெளிப்படையாகவே சொல்லத் துணிகின்றோம்.

சங்க மலரும், ஆண்டறிக்கையும், குடும்ப வரலாறும் கணினியில் அச்சுக்கோக்கப்படும் காலம் இது. எனினும் அவற்றுள் பல இன்றும் பழைய தனி எழுத்துருக்களிலேயே கிடக்கின்றன. பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் தகரத்தைத் தட்டும்போது கணினி பதிந்து வைப்பது ஆங்கில ஜே எழுத்தை. மகரத்துக்குக் கே எழுத்தை. தமிழ் வடிவம் மேலே போர்த்திய போர்வை மட்டுமே. மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்கும் மகன் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், பாட்டனார் பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய் நிற்கும். தேடினும் கிட்டாது.

இந்நிலைக்குக் காரணமும் உண்டு. 1978-இல் டொனால்டு குனூத் என்னும் அமெரிக்க அறிஞர் டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையை வெளியிட்டார். கணக்கு நூல்களை அழகுற அச்சிடப் பிறந்த அம்முறையிலும், அக்காலப் பிற முறைகளிலும், ஓர் எழுத்துருவுக்கு 256 இருக்கைகளுக்கு மேல் இல்லை. தமிழெழுத்து 247, ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் இடம் வேண்டும். ஆகவே ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியவாறு தமிழை அமர்த்தினர். டிஸ்கி, டாம், டாப் எனக் குறியீட்டு முறைகள் பெருகின. ஒன்றில் எழுதியதை மற்றொன்று படியாது.

அத்தடை நீங்கிப் பல்லாண்டாயிற்று. 1991-இல் வந்த ஒருங்குறி வரிவடிவங்களுக்குத் தனித்தனி இடம் வகுத்தது. 2004-இல் ஜோனதன் கியூ உருவாக்கிய ஸீடெக் அதனை நேரே படித்தது. கோப்பின் தலைப்பில் எழுத்துருவின் பெயரையும், வரிவடிவம் தமிழ் என்பதையும் ஒருமுறை குறித்தால் போதும். பின்னதை விட்டுவிட்டால் 'கொ' என்பதன் கொம்பு ககரத்துக்கு முன்னே செல்லாமல் இடந்தவறி நிற்கும்; குறித்துவிட்டால் தானே ஒழுங்குறும். நாளை எழுத்துருவை மாற்ற விழைந்தால் அவ்வொரு வரியை மாற்றலாம். நூலில் ஓரெழுத்தும் சிதையாது. உடை மாறும், உயிர் மாறாது.

இக்கலை தொலைவிலா வளர்ந்தது? அமரவிளைக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்திலேதான் 1998-இல் இந்திய டெக் பயனர் குழு தோன்றியது; 2002-இல் உலக டெக் பயனர் மாநாடும் அங்கே கூடியது. 1971-இல் தட்டச்சுக்காக வெட்டிக் குறைக்கப்பட்ட தம் பழைய எழுத்துகளை மலையாள அன்பர்கள் 1999-இல் 'ரசனா' எழுத்துருவால் மீட்டனர். வரியிறுதியில் தமிழ்ச் சொல்லை எங்கே பிரிப்பது என்று டெக் முறைக்கு விதி வகுத்துத் தந்தவரும் மலையாளக் கணினித் தொண்டரான சந்தோஷ் தோட்டிங்ஙல் என்பவரே! அண்டை வீட்டார் சமைத்து இலையிலும் இட்டார். உண்ணவும் நாம் சோம்புகின்றோம்.

'அச்சில் அழகாய் இருக்கிறதே, போதாதா?' என்பர் சிலர். தாள் மட்கும், படி தீரும், பேரர்க்கு எஞ்சுவது கோப்பே. 'ஒருங்குறியில் உயிர்மெய்க்குத் தனி இருக்கை இல்லையே' என்பர் வேறு சிலர். அக்குறையை நாமும் அறிவோம், அதன்பொருட்டு வாதிடலாம். ஆனால் பொது மன்றில் குறையுள்ள இருக்கை, பூட்டிய அறையின் அரியணையினும் மேலானது. தமிழக அரசும் 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது.

இந்திய மண்ணில் அச்சேறிய முதல் தமிழ்நூல் 1578-இல் வெளிவந்த இடம் கொல்லம் என்பதை நினைவில் கொள்க. தமிழ் அச்சுக்குத் தொட்டிலான இக்கரையில் வாழும் நாம் அதன் கடைக்குட்டிகளாய்ப் பின்தங்குவது தகுமா? சரக்கு சேவை வரி வந்த 2017-ஆம் ஆண்டோடு அமரவிளையின் வணிகவரிச் சாவடிக்கும் வேலை தீர்ந்தது. சரக்கு தடையின்றிச் செல்லும் சாலையில் நம் எழுத்து மட்டும் தடைப்பட்டு நிற்கலாகாது.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் மூன்று செய்தல் வேண்டும். கட்டுரைகளை ஒருங்குறியிலன்றி ஏற்காதிருத்தல் ஒன்று. பழைய மலர்களின் கோப்புகளைத் தேடியெடுத்து, படிக்கவல்லார் உள்ளபோதே மாற்றி, மூலத்தோடு ஒப்புநோக்கிக் காத்தல் இரண்டு. அச்சகத்தார் தாளை மட்டும் தந்து கோப்பை வைத்துக்கொள்ள இசையாமை மூன்று. நிலத்தின் எல்லையை ஆணையம் வகுத்தது. எழுத்தின் எல்லையை அகற்றுவது நம் கையில் உள்ளது. அதற்கு எவர் ஒப்புதலும் வேண்டுவதில்லை.