வீடு பார்க்கப் போன கதை

எங்கள் வீட்டுக்கு வயது முப்பதாகிறது. 1994-ல் வங்கிக் கடன் வாங்கி, திருச்சியில் கட்டிய வீடு. 2010-ல், நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால், பழைய மொசைக் தரையின் மேலேயே பளபளவென்று வெள்ளை டைல்ஸ் ஒட்டினோம். முகம் பார்க்கலாம் போல இருந்தது. வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். போன வருஷம் ஆடி மாதம், துடைத்த ஈரம் காயாத அந்தத் தரையில்தான் என் மனைவி வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு. "இடுப்பு தப்பிச்சுதே, அதுக்குச் சந்தோஷப்படுங்க" என்றார் டாக்டர்.

தரையை மாற்றுவது என்று முடிவானது. தரையை மாற்றினால் வர்ணமும் அடிக்க வேண்டும், வர்ணம் அடித்தால் அலமாரியையும் மாற்ற வேண்டும் என்று பெங்களூரில் இருக்கும் மகன் ஆரம்பித்துவிட்டான். தினமும் இரவு என் போனுக்கு வீடியோக்கள் வரும். அவன் ஏற்பாட்டில் உள் அலங்காரம் செய்யும் நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு இளைஞர் மடிக்கணினியோடு வந்தார். "செட்டிநாடு தீம் பண்ணிடலாம் அங்கிள்" என்றார். சுவரில் ஒட்டும் தூண் படம், தூண் மாதிரியே அச்சடித்த பலகை, பித்தளை மாதிரி தெரியும் பிளாஸ்டிக் குமிழ் எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சத்து எழுபதாயிரம். என் பணிக்கொடையில் மிச்சம் இருந்ததே ஏறக்குறைய அவ்வளவுதான்.

அவர் போனதும் என் மனைவி சொன்னாள். "படத்தைப் பாத்துப் பொண்ணு எடுத்த காலமே போயிடுச்சு, படத்தைப் பாத்து வீட்டை மாத்துறதா? ஏங்க, நேர்ல போய் நாலு வீட்டைப் பாத்துட்டு வரலாம்."

எனக்கு அது சரி என்று பட்டது, இன்றும் படுகிறது. போனில் வரும் படத்தில் வெளிச்சம் தெரியும், வெக்கை தெரியாது. காலுக்கு எப்படி இருக்கிறது, பேசினால் எதிரொலிக்கிறதா, எழுந்து நிற்கப் பிடிமானம் உண்டா என்பதெல்லாம் போய் நின்றால்தான் தெரியும். நம் வயதுக்காரர்கள் போவதாக இருந்தால் மத்தியானம் ஒரு மணிக்கு, வெயில் உச்சியில் இருக்கும்போது போங்கள். வீட்டின் குணம் அப்போதுதான் வெளியே வரும்.

இதற்கு முன்னும் சில வீடுகளைப் பார்த்திருக்கிறோம். தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. குமரி மாவட்டத்துக்குள் இருந்தாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். அந்தக் கறுப்புத் தரையையும் மரச் சட்டங்களின் வழியே வடிகட்டி வரும் வெளிச்சத்தையும் மறக்க முடியாது. ஆனால் அரண்மனையில் நமக்கு எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? பார்த்து வியந்துவிட்டு வரலாம். முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தக்ஷிணசித்ரா வேறு ரகம். இடிபட இருந்த வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து, முழு வீடாக மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்த முறை கானாடுகாத்தான். புதுக்கோட்டை, திருமயம் வழியாக எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மகனும் பெங்களூரிலிருந்து வந்து காரை ஓட்டினான்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பர்மாவில் வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்து சம்பாதித்த பணத்தில், பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் இறக்கிக் கட்டியவை. ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் கொல்லைவாசல். வெளித் திண்ணை, முகப்பு, பெரிய வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். 1942-ல் ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்ததும் அந்தப் பணம் வந்த வழி அடைபட்டது. இப்படி வீடு கட்டுவதும் அதோடு ஓய்ந்தது. 2014-ல் இந்த ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் சேர்ந்துவிட்டால் ஓடு மாற்றுகிற செலவை யார் கொடுப்பது என்பது வேறு கதை.

நாங்கள் போன வீட்டில் காவலுக்கு ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். கேட்டுக்கொண்டதும் கதவைத் திறந்துவிட்டார். வெளியே தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. முகப்பைத் தாண்டி வளவுக்குள் கால் வைத்ததும் மண்பானைத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. மின்விசிறி இல்லை. உயரமான கூரை, கனமான சுவர், நடுவில் திறந்த முற்றம். சூடான காற்று மேலே ஏறி வெளியே போய்விடுகிறது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரைத் தொட்டுப் பார்த்தேன். பீங்கான் போல வழவழப்பு. நூறு வருடமாக வெள்ளையடிக்காத சுவர் என்றார் பெரியவர்.

மகன் தூண்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நான் வேறு ஒன்றைக் கவனித்தேன். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், மகன்களுக்கு ஆளுக்கொன்று. எட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னது, நம் வீட்டு ஸ்டோர் ரூம் அளவுதான். இவ்வளவு பணக்காரர்கள் இவ்வளவு சின்ன அறையிலா இருந்தார்கள்? "அது சாமான் வைக்கிற ரூமுங்கய்யா. மனுசங்க இருக்கிறது, படுக்கிறது எல்லாம் வெளியில, இந்தப் பட்டாலையிலதான்" என்றார். சாமான் உள்ளே, மனிதர்கள் வெளியே. எங்கள் வீட்டில் ஹாலை ஷோகேஸுக்கும் சோபாவுக்கும் கொடுத்துவிட்டு, நாங்கள் இருவரும் படுக்கையறையில் ஒண்டிக்கொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது.

என் மனைவி கட்டுப் பிரித்து மூன்று மாதமே ஆன கையால் ஒவ்வொரு நிலையையும் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தாள். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வாசற்படி, சில இடங்களில் அரை அடி உயரம். "வயசானவங்க எப்படிங்க நடமாடினாங்க?" என்று கேட்டாள்.

"ஆச்சி கடைசி அஞ்சு வருசம் முகப்புக்கே வரலைங்கம்மா. ரெண்டாம் கட்டோட சரி. யாரு வந்தாலும் அங்கே போய்த்தான் பாக்கணும்."

அத்தனை பெரிய வீட்டைக் கட்டியவர்களுக்கே தங்கள் எண்பது வயது ஞாபகத்துக்கு வரவில்லை. பழைய வீடு என்றாலே எல்லாம் அறிவோடு கட்டியது என்று மேடையில் பேசுகிறவர்கள், அந்த வாசற்படியை முழங்கால் வலியோடு ஒரு தடவை தாண்டிப் பார்க்கலாம்.

அங்கிருந்து ஆத்தங்குடி. சாலையோரப் பட்டறையில் கல் செய்வதைப் பார்த்தோம். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத் தகடு. ஒவ்வொரு பள்ளத்திலும் வர்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார் ஒருவர். தகட்டைத் தூக்கினால் பூ அப்படியே நிற்கிறது, கலங்கவில்லை. மேலே உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு மணலும் சிமெண்டும் சேர்ந்த ஈரக் கலவையை வைத்து மட்டம் தட்டுகிறார். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுப்பது. மகன் வீடு முழுவதற்கும் சதுர அடி கணக்குப் போட ஆரம்பித்தான். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, பதித்து வைத்திருந்த மாதிரித் தரையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டடி நடந்தாள். "ஈரம் இருந்தா இதுவும் வழுக்குது. அழகுதான். ஆனா ஹாலுக்கு வேண்டாம்" என்றாள். கடைக்காரர் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு அவரே, "தினம் துடைக்கிற வீடுன்னா சரியா சொல்றாங்க" என்றார்.

கடைசியாகக் காரைக்குடி, முனீஸ்வரன் கோவில் தெரு. பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். எனாமல் சட்டிகள், ரவிவர்மா படங்கள், பல்லாங்குழி. உள்ளே தள்ளிப் போனால் கதவுகள், நிலைகள், தூண்கள். மகன் ஒரு ஜோடித் தேக்குத் தூணில் கை வைத்தான், எடுக்கவில்லை. ஒன்று அறுபதாயிரம். ஹால் நடுவில் இரண்டையும் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று போனில் வரைந்தே காட்டினான். நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்தில் ஒரு நிலை சாய்த்து வைத்திருந்தார்கள். மேலே கஜலட்சுமி. ஓரத்தில் சாக்பீஸால் எண் போட்டிருந்தது, பிரித்தெடுக்கும்போது அடையாளத்துக்குப் போட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு 1987 நினைவுக்கு வந்துவிட்டது. லால்குடிப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டைப் பாகம் பிரித்தோம். ஏழு பேர் கையெழுத்து, அதில் என்னுடையதும் ஒன்று. வாங்கியவர் இடிக்கப்போகிறார் என்று தெரியும். தலைவாசல் கதவும் நிலையும் மரக்கணக்கில் போயின, கன அடிக்கு இவ்வளவு என்று. என் பங்குக்கு வந்த பணத்தில் ஒரு பிரிட்ஜ் வாங்கினேன். அந்த பிரிட்ஜ் பன்னிரண்டு வருடம் ஓடியது.

அதனால் வாரிசுகளையோ கடைக்காரரையோ திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நாற்பது பங்காளிகள் உள்ள வீட்டில் மழைக்கு ஒழுகும் கூரையை யார் பழுது பார்ப்பது? "நாங்க வாங்கலேன்னா விறகுக்குப் போயிரும் சார்" என்று கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் இதையும் சொல்ல வேண்டும். நாமெல்லோரும் ஊர் ஊராகப் போய் ஆளுக்கொரு தூணுக்கு ஆசைப்படுவதால்தான், முழு வீட்டைவிடப் பிரித்த வீட்டுக்கு மதிப்பு கூடிப்போகிறது. தக்ஷிணசித்ராவில் வீட்டை வீடாக நிறுத்தியிருக்கிறார்கள். என் ஹாலில் இரண்டு தூணை நிறுத்தினால் மிஞ்சுவது தூண் மட்டும்தான்.

"செண்டிமெண்ட் பாக்காதீங்கப்பா" என்றான் மகன். கொஞ்சம் வார்த்தை தடித்தது. கடைக்குள் நின்று அப்பாவும் பிள்ளையும் சண்டை போடுவதைப் பார்த்துக் கடைக்காரரே டேப்பை எடுத்து அளந்தார். தூண் பதினொன்றே கால் அடி. என் ஹாலின் உயரம் பத்தடி. "அடியில ஒண்ணேகால் அடி அறுத்துட்டா சரியா நிக்கும் சார்" என்றார். மகன் தூணைப் பார்த்தான், பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

திரும்பும் வழியில் திருமயத்தில் காபி குடிக்கும்போது என் மனைவி சொன்னதுதான் எங்கள் பயணத்தின் லாபம். "அந்தக் காவல்காரப் பெரியவர் திண்ணையில இருந்து எழுந்திரிக்கும்போது பாத்தீங்களா? தூணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்தார். அந்த இடத்துல மட்டும் மரம் வழவழன்னு தேஞ்சிருக்கு."

எங்கள் வீட்டில் செய்தவை இவ்வளவுதான். டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, சொரசொரப்பான மங்கல் நிறத் தரை. மாடிப்படிக்கு மேல் கூரையில் ஒரு கண்ணாடி வைத்து வெளிச்சம் இறக்கினோம். ஹாலிலிருந்த ஷோகேஸ் போயிற்று. நடுவில் பாய் விரித்து நாலு பேர் உட்கார இடம் வந்தது. 2003-ல் பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததும் பயந்து கிரில் போட்டு அடைத்த சிட்-அவுட்டை மறுபடி திறந்து, திண்ணை கட்டினோம். பதினெட்டு அங்குல உயரம், முழங்காலுக்குத் தோதாக. மேலே ஆத்தங்குடிக் கல், அங்கே ஈரத்துணி போடுகிறவர் யாருமில்லை. ஓரத்தில் பிடித்துக்கொள்ள, புது வேப்பமரத்தில் ஒரு சின்னத் தூண். வீட்டுக்கு வந்த ஆசாரி கடைந்தது. அதன் கூலியும் மரமும் சேர்ந்து நாலாயிரத்து இருநூறு. மொத்தச் செலவு மூன்று லட்சத்து அறுபதாயிரம். கிரில்லை எடுத்த முதல் ஒரு வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு மகன் வந்தான். கார் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து காலை நீட்டினான். தூணைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எதிர் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார், காபி வந்தது, பேச்சு எங்கெங்கோ போயிற்று. எழுந்திரிக்கும்போது தன்னை அறியாமல் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் ரெண்டடி நீட்டிக் கட்டியிருக்கலாம்பா" என்றான். "படுக்கிறதுக்குக் கால் இடிக்குது."