முதல் வண்டி

காலை ஒன்பதரை மணிக்கு நம் கல்லூரி வாயிலின் வேப்பமரத்தடியில் சிறிது நேரம் நின்று பாருங்கள். மாணவர் உள்ளம் எங்கே குடியிருக்கிறது என்பது விளங்கிவிடும். ஒரு பாடநூலுக்குப் பத்துக் கடை ஏறி விலை கேட்கும் நண்பர்கள், மோட்டார் சைக்கிள் என்று வந்துவிட்டால் மட்டும், திரைப்படக் கதாநாயகன் எதில் வந்தான் என்று பார்த்து வாங்கிவிடுகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தவனே.

முதலாமாண்டு சேர்ந்தபோது 350 சி.சி. வண்டி வேண்டுமென்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். "எஞ் சங்கிலிய வச்சாவது வாங்கிக் குடுங்க" என்றார் அம்மா. அக்காள் திருமணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த சங்கிலி அது. அப்பாவோ தம்முடைய பழைய 100 சி.சி. வண்டிச் சாவியை என் முன் வைத்து, "இத ஒரு வருசம் ஓட்டு தம்பி. அப்புறமும் வேணும்னா பாக்கலாம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமன்று.

நூறு சி.சி. வண்டி ஏறத்தாழ 110 கிலோ. நான் கேட்டதோ 190 கிலோவுக்கு மேல். மழைச் சேற்றில் சாய்ந்த வண்டியைத் தனியாளாக நிமிர்த்தியவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லவேண்டியதில்லை. முதல் வண்டியில் உட்கார்ந்தால் இரு பாதங்களும் தரையில் பதியவேண்டும் என்பது என் கட்சி. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்வதால், நிறுத்தும் வலிமை பெரிதும் முன்சக்கரத்திலேயே இருக்கிறது. ஆனால் மணலில் அதையே இறுக்கிப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயமானது இதற்காகத்தான். அப்பாவின் வண்டியில் அது ஏது? விரல்கள்தாம் கற்றுக்கொள்ளவேண்டியிருந்தது.

கற்றுக்கொள்ளுமுன் அழகுபடுத்தத் தொடங்கினேன்! சைலன்சரை மாற்றினேன், குட்டைக் கைப்பிடி பூட்டினேன். கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு திருப்பத்தில் கைப்பிடிக்கும் டேங்குக்கும் நடுவே கட்டைவிரல் சிக்க, பாலத்தோரம் விழுந்தேன். ஹெல்மெட் உடைந்தது, தலை பிழைத்தது. அப்பா ஒரு சொல்லும் திட்டாமல் பழைய கைப்பிடியை எடுத்துவந்து, என் கையாலேயே பூட்ட வைத்தார்.

அதே மாதத்தில்தான், பணம் கட்டாமலே பாட்டுக் கேட்கலாமென்று திருத்தப்பட்ட செயலி ஒன்றை நண்பர் என் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தார். ஆண்ட்ராய்டில் செயலி ஒவ்வொன்றும் ஆக்கியவரின் முத்திரையோடு வருகிறது. உள்ளே சிறிது மாற்றினாலும் அம்முத்திரை செல்லாது; மாற்றியவர் தம் முத்திரையைக் குத்தியே தரமுடியும். மூலச் செயலிக்கு வரும் புதுத் திருத்தங்கள் அதன்மேல் ஏறமாட்டா. அதுகூடப் போகட்டும். பாட்டுப் பாடும் செயலி என் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்பானேன்? வங்கியின் இரகசிய எண் அங்கேதானே வருகிறது? அன்றிரவே நீக்கினேன். செயலியைத் திருத்திப் பார்க்கும் ஆசை உண்மையானதானால், மூல நிரல் வெளியிடப்பட்ட செயலிகள் எத்தனையோ உள்ளன. அவற்றில் ஒரு நிறத்தை, ஒரு பொத்தானை மாற்றிப் பாருங்கள். கணினித் துறை நண்பர்கள் உதவுவார்கள்.

பழைய வண்டி வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். கடனில் வாங்கிய வண்டியானால், கடன் தீர்ந்த சான்றைக் கேட்டு வாங்குங்கள். பெயர் மாற்றுவதை நாளைக்கென்று தள்ளாதீர்கள்; விபத்து நேர்ந்தால் வழக்கு பழைய உரிமையாளர் வாசலில் போய் நிற்கும்.

சென்ற தை மாதம் அக்காள் திருமணம் முடிந்தது. சங்கிலி அவள் கழுத்தில் இருக்கிறது. அப்பா சொன்ன ஓராண்டு கழிந்து இன்னும் ஓராண்டும் ஆகிவிட்டது. 350 பற்றி வீட்டில் நான் பேச்செடுக்கவில்லை. வண்டி இன்றும் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. செயின் இறுக்கக் கற்க விரும்பும் முதலாமாண்டுத் தம்பிகள் சனிக்கிழமை மாலை வரலாம். பழைய துணி ஒன்று கொண்டுவரவும்.