மீண்டும் திறக்கும் பாடசாலைக் கதவு



விடுமுறை முடிந்து பாடசாலைகள் திறக்கும் நாளில் மாத்தளை மாவட்டத்தின் தோட்டப் பாதைகள் விடியுமுன்பே விழித்துக்கொள்கின்றன. வெண்ணிறச் சீருடையில் சின்னஞ்சிறார்கள். அவர்களிலும் பெரியதாய்த் தோன்றும் புத்தகப் பைகள். பிரட்டுக் களத்துக்குப் போகுமுன் பிள்ளையைப் பாடசாலை வாசலில் சேர்த்துவிட விரையும் தாய்மார். புதிய தவணையில் காலடி வைக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் அன்போடு வாழ்த்துகின்றோம்.

ஆயினும், எல்லாத் தாய்மாரும் ஒரே மனத்தோடு அந்த வாசலுக்கு வருவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மாத்தளை, கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. வீடுகளோடு கொப்பிகளும் சீருடைகளும் மண்ணுக்குள் புதைந்தன. அதன் பின் ஒரு தாய் என்னிடம் சொன்னார்: “சாமி, மழை இருட்டினாலே நெஞ்சு படபடக்குது. புள்ளைய கண்ணு முன்னாலயே வச்சிக்கிட்டாப் போதும்னு இருக்கு.”

இந்த அச்சத்தை விசுவாசக் குறைவு என்று எவரும் பழிக்கலாகாது. பன்னிரண்டு வயது மகனைக் காணாது, அன்னை மரியாளும் புனித சூசையப்பரும் மனம் கலங்கித் தேடியதை லூக்கா நற்செய்தியாளர் மறைக்கவில்லை. மூன்றாம் நாளில் அவரை எங்கே கண்டார்கள்? போதகர்களின் நடுவே, செவிமடுப்பவராகவும் வினாக்கள் கேட்பவராகவும் கண்டார்கள். இறைமகனே கற்போரின் இடத்தில் அமர்ந்திருந்தார் என்றால், நம் பிள்ளை அமரும் அந்தச் சிறிய வாங்கும் புனிதமானதே.

அந்த வாங்கு நமக்கு எளிதில் கிட்டியதன்று. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளைக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாய் வந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமே, 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுங்கியே நின்றன. 1970களிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இன்று தரம் ஒன்றில் அமரும் பிள்ளையின் பின்னால் இத்தனை தலைமுறைகளின் நடை நிற்கின்றது.

கத்தோலிக்கராகிய நமக்கு இம்மாவட்டம் இன்னொரு பாடத்தையும் தருகின்றது. 1658இல் ஒல்லாந்தர் வென்றபின் இலங்கைத் திருச்சபை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருக்களின்றித் தவித்தது. புனித யோசவ்வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் கரையேறி, பின்னர் கண்டி இராச்சியத்தினுள் வந்தார். மாத்தளை மாவட்டத்தின் வஹகோட்டேயில் வாழ்ந்த கத்தோலிக்க மக்களையும் அவர் சந்தித்தார். குருவானவரைக் காணாத அந்நீண்ட காலத்தில் அங்கே செபம் அழியாமல் காத்தவர் யார்? வீட்டிலிருந்த தாய்தந்தையரே. பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்ததை, அம்மக்கள் முன்னரே வாழ்ந்து காட்டிவிட்டார்கள்.

ஆகவே அன்பர்களே, மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் பிள்ளையை வீட்டிலோ பாதுகாப்பான இடத்திலோ வைத்திருங்கள், அது விவேகம். ஆனால் வானம் வெளுத்த பின்னும், தம்பியைப் பார்த்துக்கொள்ளவென்றோ, கொப்பி இல்லையென்றோ பிள்ளையை நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒரு வாரம் ஒரு மாதமாகும். ஒரு மாதம் வாழ்நாளாகும். கொப்பி இல்லாவிடில் பங்குத்தந்தையிடமோ அதிபரிடமோ கூசாமல் கேளுங்கள். இருப்பவர்களே, அவர்கள் கேட்கும்வரை காத்திராதீர்கள். உங்கள் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கும்போது பக்கத்து லயத்துப் பிள்ளையின் பாதங்களையும் நினையுங்கள். ஒரே பாதையில் செல்லும் சிறுவர்களைக் கூட்டாக அழைத்துச் செல்லப் பெற்றோர் முறைவைத்துக்கொள்ளலாம்.

மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும் “எத்தனை புள்ளி?” என்று கேட்குமுன் “இன்று யாரோடு விளையாடினாய்?” என்று கேளுங்கள். வீட்டையோ உறவையோ இழந்த பிள்ளை அவன் பக்கத்திலேயே அமர்ந்திருக்கக்கூடும். அவனோடு உணவைப் பகிர உங்கள் பிள்ளை கற்றுக்கொண்டால், அத்தவணையின் மேலான பாடத்தை அவன் கற்றுவிட்டான்.

நாளைக் காலை, வாசற்படி தாண்டுமுன் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுங்கள். அதற்கு ஒரு நொடியும் ஆகாது. பின்பு கையை விடுங்கள். நாசரேத்தில் ஞானத்தில் வளர்ந்த இயேசு பாலன் அப்பிஞ்சுக் கரத்தைப் பற்றிக்கொள்வாராக. ஆமென்.