சிசுக்களின் ரத்தத்தில் புகும் கிருமி

ஸால்மொனெல்லா என்றால் வயிற்றைக் கெடுக்கும் கிருமி என்றுதான் பலரும் அறிவார்கள். சரியாக வேகாத முட்டை, இரண்டு நாள் பேதி, பிறகு சுகம் - செல்வ நாடுகளில் அதன் கதை பெரும்பாலும் இவ்வளவோடு தீர்ந்துவிடுகிறது. ஆனால் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் அதே கிருமி குடலோடு நிற்பதில்லை, ரத்தத்தில் இறங்கிவிடுகிறது. டைபாய்டு, பாராடைபாய்டு ஜுரங்களைச் சேர்க்காமலே, 2017-ம் ஆண்டில் உலகில் சுமார் 5,35,000 பேருக்கு இந்த ரத்த நோய் கண்டதென்றும், 77,500 பேர் மாண்டனரென்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். பாதிக்கப்பட்டோரில் மிகுதியானோர் ஐந்து வயது நிரம்பாத ஆப்பிரிக்கக் குழந்தைகளே.

மலாவி நாட்டின் பிளான்டயர் நகரப் பெரிய ஆஸ்பத்திரியில், 1996 முதல் 2001 வரை பச்சிளங் குழந்தைகளின் ரத்தத்தையும் தண்டுவட நீரையும் சோதித்து வந்தார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸில் ஒரு வகைக்கு அடுத்தபடியாக அங்கே மிகுதியாகத் தென்பட்டது ஸால்மொனெல்லாதான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தாயின் ரத்தத்திலிருந்து வரும் எதிர்ப்புச் சக்தி முதல் சில மாதங்களுக்குக் குழந்தையைக் காக்க வேண்டும். அது கரைந்த பிறகு, அதாவது நாலைந்து மாதத்துக்கு மேல்தான், இந்நோய் உச்சத்துக்குப் போகிறது. அப்படியிருக்கப் பிறந்த சில நாளில் சில சிசுக்கள் ஏன் விழுகின்றன? எதிர்ப்புச் சக்தியின் பெரும் பங்கு கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் வந்து சேருகிறது. குறைப் பிரசவக் குழந்தைக்கு அந்தச் சொத்து கிடைப்பதில்லை. தாய்க்கு மலேரியாவோ எச்.ஐ.வி.யோ இருந்தால் வருவதும் குறைந்துபோகிறது. சிசுவின் இரைப்பையில் கிருமியைக் கொல்லப் போதிய அமிலமும் கிடையாது.

நோயைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. பேதி இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம். பல குழந்தைகளுக்கு அது இருப்பதேயில்லை. பால் குடிக்க மறுக்கும், துவண்டு கிடக்கும். ஜுரம் அடிக்கும், அல்லது உடம்பு சில்லிட்டுவிடும். எந்தக் கிருமி புகுந்தாலும் இதே அடையாளங்கள்தாம். ரத்தத்தை வளர்ப்புச் சோதனை செய்தால் தெரியும். ஆனால் கிராமத்து வைத்திய சாலையில் அதற்கு வசதி ஏது?

ஆகவே வழக்கமான ஊசிகளைப் போடுகிறார்கள்: பெனிஸிலின் அல்லது ஆம்பிஸிலின், கூடவே ஜென்டாமைஸின். மற்றக் கிருமிகளுக்கு இவை நல்ல ஆயுதங்கள். ஸால்மொனெல்லாவோ உடலின் செல்களுக்குள்ளேயே பதுங்கிக் கொள்கிறது. ஜென்டாமைஸின் அங்கே நன்றாக எட்டுவதில்லை. ஆப்பிரிக்காவில் பரவியிருக்கும் எஸ்.டி. 313 என்னும் ரகம் ஆம்பிஸிலினையும் பெரும்பாலும் மதிப்பதில்லை. வைத்தியர் கடமை தவறாமல் ஊசி போட்டுக்கொண்டிருக்க, சிசு கைநழுவிப் போய்விடுகிறது. குளோராம்பெனிகாலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாவியில் பயனற்றுப் போயிற்று. அதன் பின் கைகொடுத்தது ஸெப்ட்ரியாக்ஸோன். இப்போது காங்கோவில் அதற்கும் அடங்காத கிருமிகள் தோன்றிவிட்டன. மூளைச் சவ்வைத் தாக்கியிருந்தால் நான்கு வாரம் மருந்து வேண்டும். பிழைத்த குழந்தைக்குச் செவிடோ, தலையில் நீர் தேங்குவதோ மிஞ்சுவதுண்டு.

மலாவி 2023-ல் டைபாய்டு தடுப்பூசியை நாடெங்கும் கொண்டுவந்தது. ஆனால் அந்த ஊசி குறிவைக்கும் உறை இந்தக் கிருமிக்குக் கிடையாது. இதற்கென்றே தயாராகும் ஊசிகள் பரிசோதனையில் உள்ளன. அவையும் வளரும் குழந்தைக்குத்தான் உதவும். பிறந்த வாரத்துச் சிசுவுக்குக் காவல் வேண்டுமானால் தாய்க்கே ஊசி போட்டாக வேண்டும். இதற்கிடையில் கென்யாவின் கிலிபி ஜில்லாவில் மலேரியா குறைந்தபோது, எந்தத் தடுப்பூசியுமின்றிக் குழந்தைகளிடையே ரத்த ஸால்மொனெல்லாவும் கூடவே குறைந்திருக்கிறது.