சமரசர் தவறினால் யாரிடம் முறையிடுவது?

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-இல் சமரச மையம் திறக்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்து இயங்கும் மையங்களில் நாட்டுக்கே அது முன்னோடி. அதே ஆண்டு, சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், வழக்குகளைச் சமரசம் போன்ற வழிகளுக்கு அனுப்ப இடம்தரும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் உயிர் கொடுத்தது. தலைமுறை தாண்டி இழுக்கும் பாகப்பிரிவினை வழக்குகளும் கணவன் மனைவி வழக்குகளும் இன்று சமரச அறைகளில் பேசி முடிகின்றன. இது இன்னும் வளர வேண்டும். அதனாலேயே ஒரு கேள்வியைத் தள்ளிப்போடக் கூடாது: சமரசரின் கவனக்குறைவால் ஒருவருக்கு இழப்பு நேர்ந்தால் யார் பொறுப்பு?

சட்டப் புத்தகம் சொல்வது: ஏறக்குறைய யாருமில்லை.

இதன் வேர் பழையது. நீதி வழங்குவோர் மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி காக்கும் சட்டம் 1850-இல், கும்பினி ஆட்சியில் வந்தது. தோற்றவரெல்லாம் நீதிபதி மேல் வழக்குப் போட்டால் துணிந்து தீர்ப்பு எழுத யார் இருப்பார்? அந்த நியாயம் இன்றும் நிற்கிறது. ஆனால் நீதிபதி திறந்த மன்றத்தில் அமர்கிறார், காரணம் எழுதுகிறார், அவர் தீர்ப்பின் மேல் முறையீடு உண்டு. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மத்தியஸ்தச் சட்டம் அந்தப் பாதுகாப்பைச் சமரசர் நல்லெண்ணத்தோடு செய்யும் செயல்களுக்கும் நீட்டியது, கட்டுப்பாடுகளை நீட்டவில்லை. பேச்சு மூடிய அறையில் நடக்கிறது, ஒலிப்பதிவுகூடக் கூடாது. முடிவில் எழுதும் உடன்படிக்கையோ நீதிமன்றத் தீர்ப்பாணைபோல நிறைவேற்றத்தக்கது. அதை எதிர்க்க நான்கே காரணங்கள்: மோசடி, ஊழல், ஆள்மாறாட்டம், சமரசத்துக்கு உரியதல்லாத தகராறு. கவனக்குறைவு அந்தப் பட்டியலில் இல்லை.

நல்லெண்ணத்தோடு செய்ததற்குத்தானே பாதுகாப்பு, அலட்சியத்துக்கு இல்லையே என்று தோன்றலாம். இங்கேதான் சிக்கல். சட்டச் சொற்களுக்குப் பொருள் வரையறுக்கும் 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டப்படி, நேர்மையாகச் செய்த செயல், கவனமில்லாமல் செய்திருந்தாலும் நல்லெண்ணச் செயலே. குற்றவியல் சட்டம் 1860 முதலே வேறு மாதிரி சொல்கிறது: உரிய கவனம் இல்லாத இடத்தில் நல்லெண்ணம் இல்லை. சமரசருக்கு வாய்ப்பது முதல் வரையறை.

அமெரிக்காவில், நீதிமன்றம் அமர்த்திய சமரசருக்கு நீதிபதியைப் போன்ற விலக்கு உண்டு என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994-இல் தீர்த்தது. ஆஸ்திரேலியாவில் கதை வேறு. சொத்துத் தகராறில், வரி ஆலோசனை பெறும் முன்பே அன்றிரவே கையெழுத்திட ஒரு பெண்ணை நெருக்கினார் என்று சமரசர் மேல் வழக்கு வந்தது. விசாரிக்கவே தகாதது என்று அதைத் தள்ளிவிட விக்டோரியா உச்ச நீதிமன்றம் 2003-இல் மறுத்தது. எனக்குச் சரியாகப் படுவது இந்த வழிதான். வழக்குகள் குவிந்துவிடும் என்ற அச்சம் மிகையானது. மிசௌரியில் ஒரு விவாகரத்துச் சமரசத்துக்காக ஜூரி அளித்த 74,000 டாலர் இழப்பீட்டை, சமரசரின் செயலால்தான் இழப்பு வந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று 1981-இல் மேல் நீதிமன்றம் ரத்து செய்தது. கதவு திறந்திருந்தாலும் வெல்வது அவ்வளவு கடினம்.

பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவர் உறவினரையும் மறுபடி வாரியத்தில் அமரவிடாமல் தடுத்தது. பொதுப் பணியில் அமர்பவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல.

அடிபடப்போவது யார்? ஜீவனாம்சத்தைக் குறைத்துக்கொண்டு கையெழுத்திடும் பெண். வில்லங்கம் பார்க்காமல் பங்கை விட்டுக்கொடுக்கும் தம்பி. பெரிய நிறுவனங்களுக்கு அருகிலேயே வழக்கறிஞர் இருப்பார்; இவர்களுக்குப் பெரும்பாலும் இருக்கமாட்டார்.

ஆகவே, கடும் கவனக்குறைவுக்குச் சட்டப் பாதுகாப்பு கூடாது. சமரசர்களுக்குத் தொழில்முறைக் காப்பீடு கட்டாயமாக வேண்டும். 2023 சட்டம் சொல்லும் இந்திய மத்தியஸ்த கவுன்சில், ரகசியம் கெடாமல் புகார் கேட்கும் குழுவை அமைக்க வேண்டும். அதுவரை, சமரச மேசைக்குப் போகும் எவரும் அன்றே கையெழுத்திட வேண்டாம். உடன்படிக்கையை வீட்டுக்கு எடுத்துச் சென்று, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.