மணிக்கு 8,720 வோன்

கொரியத் தொலைக்காட்சித் தொடர் என்றதும், வீண்பொழுது என்று முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு. ஆயினும், 2021-ஆம் ஆண்டில் தென்கொரியாவில் 16 பகுதிகளாக ஒளிபரப்பாகி, நெட்ஃபிளிக்ஸ் வழியே பிற நாடுகளுக்கும் பரவிய ‘ஹோம்டவுன் சா-சா-சா’ என்னும் தொடர், நம்மைச் சிரிக்க வைத்துக்கொண்டே ஒரு வினாவை எழுப்புகிறது. தொழிலைக் கொண்டு மனிதரை எடைபோடுவது முறையாகுமா என்பதே அவ்வினா.

கதை எளியது. ஹே-ஜின் தலைநகர் சோலில் பணியாற்றிய பல் மருத்துவர். தேவையற்ற சிகிச்சைகளை நோயாளிகள்மீது சுமத்தும் மேலதிகாரியோடு மோதி வேலையைத் துறந்தவள், கொங்ஜின் என்னும் கடலோரச் சிற்றூரில் மருத்துவமனை திறக்கிறாள். வந்த முதல் நாளே அவளுடைய விலையுயர்ந்த காலணிகளை அலை அடித்துச் சென்றுவிடுகிறது. மாற்றாகச் சாதாரணச் செருப்பொன்றைத் தருபவன் தூ-சிக். குழாய் பழுதுபார்ப்பது முதல் வீட்டுத் தரகு வரை எவ்வேலைக்கும் ஊரார் அவனையே அழைப்பர். எவ்வேலையாயினும் அவன் கேட்கும் கூலி ஒன்றே. அது அவ்வாண்டில் அந்நாட்டுச் சட்டம் வகுத்திருந்த குறைந்தபட்ச ஊதியமாகிய மணிக்கு 8,720 வோன்.

இவ்விருவரும் ஓயாது சண்டையிடுவர். சண்டையினூடே அன்பும் வளரும். ஆயினும், தம் இருவர் நிலையும் வேறு வேறு என்று ஹே-ஜின் ஒரு கட்டத்தில் அவனிடம் சொல்லியே விடுகிறாள். நகைச்சுவைக்கு நடுவே உறுத்தும் முள் இது. மனத்தில் பலர் எண்ணுவதை அவள் வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவே.

இம்முள்ளைக் கதாசிரியர் முழுமையாகப் பிடுங்கினாரா? இல்லை என்றே நாம் கருதுகிறோம். தூ-சிக் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் பயின்றவன். முதலீட்டு நிறுவனமொன்றில் நிதி மேலாளனாக இருந்தவன். பட்டம் பெட்டிக்குள் பத்திரமாக இருக்க, சுத்தியல் பிடிப்பவனை மருமகனாக ஏற்பது பெரிய தியாகமன்று. பெட்டியில் பட்டமே இல்லாதிருந்தால் என்ன செய்வோம் என்பதே மெய்யான சோதனை.

எனினும், அப்பெரிய பதவி அவனுக்குத் தந்தது என்ன என்பதையும் தொடர் மறைக்கவில்லை. கடன் வாங்கி முதலிட்டு அனைத்தையும் இழந்த காவலாளி ஒருவர் உயிர்துறக்கத் துணிந்தார். அவரைக் காண மருத்துவமனைக்கு விரைந்த வழியில் நேர்ந்த விபத்தில், தூ-சிக்கின் அண்ணன் போன்ற நண்பர் மாண்டார். நொறுங்கிய உள்ளத்தோடு ஊர் திரும்பிக் கதவடைத்துக் கிடந்தவனை, ஊரார் அறிவுரை கூறித் தேற்றவில்லை. உணவைக் கொண்டுவந்து வைத்தனர். சிறு சிறு வேலைகளைச் சொல்லி அழைத்தனர். பிறருக்குத் தேவைப்படுகிறோம் என்னும் உணர்வே அவனை எழுப்பியது.

தொழிலின் மாண்பு இதுவன்றோ! அது ஊதியச் சீட்டிலோ பெயர்ப்பலகையிலோ இல்லை. யாருக்குப் பயன்படுகிறோம் என்பதிலே உள்ளது. பிள்ளைகள் இத்தொடரைப் பார்க்கையில் பெற்றோரும் உடன் அமரலாம். சிரித்து முடித்தபின், “பட்டமில்லாத தூ-சிக் நம் வீட்டிற்குப் பெண் கேட்டு வந்தால், அமர நாற்காலி இடுவோமா?” என்று ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். விடை எளிதாக வராது. ஆயினும் அவ்வுரையாடல் தொடரைவிடச் சுவையாயிருக்கும்.